டேப்பட் சத்தமும் ஆர்பிஎம் பயமும்: பைக் இன்ஜின் நீடித்து உழைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: "அண்ணே, டேப்பட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் வெச்சு விடுங்க." மெக்கானிக்கும் மூடியைக் கழற்றி ஸ்க்ரூவை லேசாகத் திருகுவார். சத்தம் நின்றுவிடும். வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். சில மாதம் கழித்து அதே வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடிப் பகுதி) இறக்கிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் (எரிந்த வாயு வெளியேறும் வால்வு) விளிம்பு கருகி அரிக்கப்பட்டிருக்கும்.

டாப் கியரில் 30-ல் உருட்டினால் இன்ஜின் அமைதியாக ஓடுகிறது, அதனால் ஆயுள் கூடும் என்பது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு நம்பிக்கை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: சத்தம் குறைந்தால் தேய்மானமும் குறையும். வால்வு விஷயத்திலும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) விஷயத்திலும் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகப் போகிறது. காதை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பது எப்படி, எந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் இன்ஜினுக்கு நல்லது என்று இங்கே பார்க்கலாம்.

நான் முக்கியமாக மனதில் வைத்திருப்பது நம் ஊரில் அதிகம் ஓடும் 100 முதல் 160 சிசி வரையிலான, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளை. ஸ்ப்ளெண்டர், ஷைன், யூனிகார்ன், பல்சர் மாதிரி. புல்லட் தனி ஜாதி என்பதால் தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

வால்வுக்கு ஏன் இடைவெளி?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். அந்த நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், 4500 ஆர்பிஎம்மில் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு 10,000 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 250 மணி நேரம் வரும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் மூன்று கோடி முறைக்கு மேல் தன் சீட்டில் (மூடும்போது வால்வு படியும் வளையம்) அடித்து உட்கார்ந்திருக்கும்.

கேம் நேராக வால்வைத் தொடுவதில்லை. நடுவில் ராக்கர் ஆர்ம் இருக்கிறது. அதன் முனையில் இருக்கும் ஸ்க்ரூவுக்கும் வால்வு தண்டின் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். அதைத்தான் டேப்பட் கிளியரன்ஸ் என்கிறோம். இன்ஜின் சூடானதும் வால்வு தண்டு நீளும். அப்படி நீள்வதற்கு இடம் இல்லையென்றால் ராக்கர் வால்வை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், வால்வு முழுதாக மூடாது.

எக்ஸாஸ்ட் வால்வுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எரிந்த வாயு அதைத் தாண்டித்தான் வெளியே போகிறது. ஓடும்போது அந்த வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டைப் பெரும்பாலும் அது இறக்கி வைப்பது, மூடியிருக்கும்போது சீட் வழியாக ஹெட்டுக்குள்தான். மூடியிருக்கும் நேரம் குறைந்தாலோ, ஒழுங்காக உட்காராமல் போனாலோ சூடு இறங்க வழியில்லை. கசியும் சிறு இடுக்கு வழியாக நெருப்பு வாயு பீய்ச்சி விளிம்பை அரிக்கும். பல வண்டிகளில் இன்லெட்டை (பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வு) விட எக்ஸாஸ்ட்டுக்கு அதிக இடைவெளி கொடுத்திருப்பதன் காரணம் இதுதான்.

இந்த இடைவெளி எப்போதும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராக்கர் முனையும் கேமும் தேய்ந்தால் கூடும், அப்போது டிக் டிக் என்று சத்தமும் வரும். ஆனால் வால்வும் சீட்டும் ஒன்றையொன்று அடித்துத் தேயும்போது வால்வு தன் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, தண்டு ராக்கரை நோக்கி மேலே ஏறும். அப்போது இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் சத்தம் வராது. இன்னும் சொன்னால் வண்டி முன்பை விட நைசாக ஓடுகிற மாதிரிகூட இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்பது பெரும்பாலான ஸ்க்ரூ டேப்பட் வண்டிகளில் சகஜம். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

உங்கள் வண்டி எந்த வகை?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இது தெரிய வேண்டும். சாதாரண கம்யூட்டர் வண்டிகள் அநேகமாக ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள வகை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) இன்ஜின் வைத்து வந்த புல்லட், கிளாசிக் வண்டிகளில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். ஆயில் அழுத்தத்தில் அதுவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும், நீங்கள் திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதில் சத்தம் வந்தால் முதலில் ஆயில் அளவையும் ஆயில் பழசாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். 2020-ல் மீட்டியரோடு வந்த 350 இன்ஜின் புஷ்ராடு (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) இல்லாத ஓவர்ஹெட் கேம் வகை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யூசிஇக்கும் முந்தைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருந்தால் ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டாம். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் கலவையை அழுத்தும் நேரம்) உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். இன்லெட் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் அதைவிட ஒரு மயிரிழை தளர்வாக இருக்கும்.

டியூக் 390 போல இரட்டை கேம் வைத்த வண்டிகளில் இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற சின்ன வட்டத் தகட்டை மாற்ற வேண்டும். அதற்குக் கேமையே கழற்றணும். புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வந்ததும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டேப்பட் பார்க்கும் முறை

தேவையானவை: ஃபீலர் கேஜ், ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கிராங்கைத் திருப்ப ஒரு பாக்ஸ் அல்லது டி ஸ்பேனர், டார்ச், சுத்தமான துணி. ஃபீலர் கேஜ் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கார் வேலைக்கு விற்கும் சில செட்டுகளில் மெல்லிய தகடுகள் இருக்காது. 0.04, 0.05 மி.மீ. தகடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.05-லிருந்து 0.2 மி.மீ.க்குள் இருக்கும். சில வண்டிகளுக்கு இரண்டு வால்வுக்கும் ஒரே அளவு, சிலவற்றுக்கு வேறு வேறு. பக்கத்து வீட்டு வண்டியின் அளவு உங்களுக்கு ஆகாது, ஒரே கம்பெனி வண்டியாக இருந்தாலும் சரி.

1. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். கையேட்டில் இருக்கும் எண் குளிர்ந்த இன்ஜினுக்கானது. கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் இறங்கியவுடனே பார்க்கச் சொன்னால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கிடைக்கும் அளவு தப்பாகத்தான் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கடையில் விட்டுவிடுவதே சரி.

2. ஹெட்டைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடையுங்கள். மூடியைத் திறந்ததும் அது உள்ளே விழும். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள், கிராங்க் லேசாகச் சுற்றும்.

3. ஹெட்டில் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளையும், இடது பக்க மேக்னட் (கிராங்கோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரம்) கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய மூடி வழியாக ஸ்பேனரை விட்டுக் கிராங்கைத் திருப்பலாம். மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாக மேக்னட்டின் விளிம்பில் உள்ள குறிகள் தெரியும். வண்டி முன்னோக்கிப் போகும்போது கிராங்க் சுற்றும் அதே திசையில்தான் திருப்ப வேண்டும். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வகை வண்டிகளில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை.

4. மேக்னட்டில் ஆங்கில 'டி' எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கோடு, கவரில் உள்ள குறிக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். பக்கத்திலேயே 'எஃப்' என்று ஒரு குறி இருக்கும். அது இக்னிஷன் டைமிங்குக்கானது, அதில் நிறுத்திவிடாதீர்கள்.

5. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன் முடியும்போது, இன்னொன்று எக்ஸாஸ்ட் முடியும்போது. 'டி' குறி இரண்டு முறையும் நேராக வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் உச்சி. இரண்டு ராக்கரையும் விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டுமே லேசாக ஆடினால் சரியான இடம். ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி 'டி'-க்குக் கொண்டுவாருங்கள். அங்கேயும் ஒன்று ஆடவில்லை என்றால் அந்த வால்வின் இடைவெளி தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

6. தகட்டை ஸ்க்ரூவுக்கும் வால்வு தண்டின் தலைக்கும் நடுவே நேராக விடுங்கள். சரியான தகடு லேசாகப் பிடித்துப் பிடித்து நகரும். விரலில் அந்தப் பிடிப்பு பழகும்வரை இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. கையேடு 0.08 என்றால் 0.07 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.10 தகடு நுழையக் கூடாது. திருகுவதற்கு முன் இப்போதிருக்கும் அளவைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. மாற்றணும் என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்பி அளவு வைத்து, ஸ்க்ரூ சுற்றாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். மறுபடி அளந்து பாருங்கள். ஹோண்டா வகை இன்ஜின்களில் ஸ்க்ரூவின் தலை சின்னச் சதுரமாக இருக்கும், அதற்கென்றே ஒரு சாவி விற்கிறார்கள். கட்டிங் பிளேயரால் கடித்துத் திருப்பினால் தலை மழுங்கிவிடும்.

8. கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஒரு முறை அளந்த பிறகுதான் மூட வேண்டும். மூடிகளின் ஓ ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள், லேசாக ஆயில் தடவுங்கள். ஹெட் அலுமினியம். வேகத்தில் இழுத்து இறுக்கினால் மரை போய்விடும்.

அளவு துல்லியமாக வரவில்லையே என்று தடுமாறினால், அனுமதித்த எல்லைக்குள் இருக்கும்வரை இறுக்கமான பக்கத்தை விடத் தளர்வான பக்கத்தில் இருப்பதே மேல். கொஞ்சம் கூடுதல் இடைவெளியால் சத்தம் வரும், முனைகள் சற்றே சீக்கிரம் தேயும். இடைவெளி குறைந்துபோனால் வால்வே கருகும்.

எப்போது பார்ப்பது? கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கும், அதன்படி போங்கள். புது வண்டியின் முதல் சர்வீஸில் மட்டும் இதைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். புது வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று படிந்து உட்காருவது அந்த முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான்.

ஆர்பிஎம்: எது அதிகம், எது குறைவு?

"8000 ஆர்பிஎம்" என்று கேட்டாலே சிலருக்கு நெஞ்சு அடைக்கும். அந்த எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினில் பிஸ்டன் ஒரு முறை போகும் தூரம் (ஸ்ட்ரோக்) 49.5 மி.மீ. பழைய 346 சிசி புல்லட்டில் அது 90 மி.மீ. சராசரி பிஸ்டன் வேகத்தைக் கணக்குப் போட்டால் ஸ்ப்ளெண்டரில் 8000 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 13 மீட்டர். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள புல்லட்டில் 5250 ஆர்பிஎம்மிலேயே அது 15 மீட்டரைத் தாண்டிவிடும். கீச்சென்று கத்துவது ஸ்ப்ளெண்டர், ஆனால் பிஸ்டன் வேகமாக ஓடுவது புல்லட்டில். இதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் அடுத்த வண்டியின் எண்ணைப் பார்க்காமல், உங்கள் வண்டியின் இரண்டு எண்களைப் பாருங்கள். உச்ச டார்க் (இழுவைத் திறன்) எந்த ஆர்பிஎம்மில், உச்ச பவர் எந்த ஆர்பிஎம்மில் என்று கையேட்டில் இருக்கும். பிஎஸ்6 ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு அது 6000, 8000. யூசிஇ 350-க்கு 4000, 5250. தினசரி ஓட்டத்துக்கு உச்ச பவர் எண்ணில் 60 முதல் 70 சதவீதம் வரை என்பது நான் பின்பற்றும் கணக்கு. ஸ்ப்ளெண்டரில் 4800-லிருந்து 5600, யூசிஇயில் 3150-லிருந்து 3700. ஓவர்டேக் செய்யும்போதும் ஏற்றத்திலும் இதைத் தாண்டலாம், ஒன்றும் ஆகாது.

ஆர்பிஎம் மீட்டரே இல்லாத வண்டி என்றால்? த்ராட்டிலைக் கொஞ்சம் கூடத் திருகிப் பாருங்கள். வண்டி உடனே முன்னே நகர்ந்தால் சரியான கியர். சத்தம் மட்டும் கனத்து, ஹேண்டில் அதிர்ந்து, வேகம் ஏறாமல் திணறினால் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

அடி ஆர்பிஎம்மில் திணறவிடுவது

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சமதளத்தில், த்ராட்டிலை லேசாக மட்டும் திறந்துகொண்டு, குறைந்த ஆர்பிஎம்மில் போவதில் எந்தத் தீங்கும் இல்லை. அப்போது பெரிய கியர் பெட்ரோலையும் மிச்சப்படுத்தும். கெடுதல் வருவது குறைந்த ஆர்பிஎம்மோடு அகலத் திறந்த த்ராட்டிலும் சேரும்போது. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேல் டாப் கியரிலேயே இழுப்பது, வேகத்தடையில் 15-க்கு இறங்கிவிட்டு மூன்றாவது கியரிலேயே முறுக்குவது, எல்லாம் இதுதான்.

அப்போது சிலிண்டர் முழுக்கக் கலவை நிரம்புகிறது, பிஸ்டனோ மெதுவாக நகர்கிறது. அழுத்தமும் சூடும் அதிக நேரம் ஒரே இடத்தில் நிற்பதால், பிளக்கின் தீ போய்ச் சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த அடி பிஸ்டன் தலையிலும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்கிலும் கனெக்டிங் ராடின் பேரிங்கிலும் விழுகிறது. இந்த நேரத்தில்தான் ஆயிலும் குறைவாக வருகிறது, ஏனென்றால் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது கிராங்க். ஆர்பிஎம் பாதியானால் பம்ப் தள்ளும் ஆயிலும் கிட்டத்தட்டப் பாதியாகும். வண்டி மெதுவாகப் போவதால் ஃபின்களில் படும் காற்றும் குறைவு. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி உலுக்கலாகப் போய் கிளட்ச் டேம்பர் ஸ்ப்ரிங்கையும் செயினையும் இழுத்து ஆட்டும்.

புல்லட்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டப் டப் சத்தத்துக்காக டாப் கியரில் 35-ல் போவது ஒரு அழகுதான், மறுக்கவில்லை. கனமான ஃப்ளைவீல் இருப்பதால் மற்ற வண்டிகளை விட அது தாங்கும். ஆனால் அந்த வேகத்திலிருந்து முறுக்கி ஏற்றும்போது இரண்டு கியராவது இறங்குங்கள்.

பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஐட்லிங்கைக் குறைப்பதும் இதே தப்புதான். ஹோண்டா வகைக் கம்யூட்டர்களில் ஐட்லிங் 1400 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதைக் குறைத்து, அணையும் நிலையில் விட்டு விட்டு ஓடவைத்தால், ஹெட்டின் உச்சியில் இருக்கும் கேமுக்கும் ராக்கருக்கும் போதிய ஆயில் ஏறாது. ஒரு சிக்னலில் மிச்சமாகும் பெட்ரோல் சொட்டுக் கணக்கு, கேம் ஷாஃப்ட் ஆயிரக் கணக்கு. இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஐட்லிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்வதால் இந்தக் கை அரிப்புக்கு இடமில்லை.

மேல் ஆர்பிஎம்

உயர் ஆர்பிஎம்மின் பாரம் வேறு மாதிரி வரும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்ப வேண்டும். அப்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். ஆர்பிஎம் இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு. ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோட்டை அதற்குத்தான் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் வால்வு ஸ்ப்ரிங்கால் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மிதக்கத் தொடங்கும். மிக மோசமாகப் போனால் பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே அவ்வப்போது ஏற்றுவது கெடுதல் இல்லை. ஆயில் நல்லதாக, போதுமானதாக, சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கெடுப்பது மணிக்கணக்கில் அங்கேயே நிற்பது. 100 சிசி வண்டியில் சென்னையிலிருந்து திருச்சி வரை த்ராட்டிலை முழுக்கத் திறந்தபடி, அதன் உச்ச வேகத்துக்குப் பக்கத்திலேயே போனால் ஆயில் மெலிந்து, ரிங்கைத் தாண்டி எரிய ஆரம்பிக்கும். அதில் இருப்பதே ஒரு லிட்டருக்குள். 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நீண்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஹைவேயில் 55-லிருந்து 65-க்குள் போனால் அந்த வண்டி எத்தனை நூறு கிலோமீட்டரும் சலிக்காமல் போகும்.

ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்கும் அமைப்பு) காப்பாற்றாத ஒரு இடம் இருக்கிறது. மேல் கியரில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது தவறி இரண்டு கியர் இறக்கிக் கிளட்சை விட்டால், பின் சக்கரமே இன்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே சுற்றும். லிமிட்டரால் தீப்பொறியையோ பெட்ரோலையோ மட்டும்தான் நிறுத்த முடியும், சக்கரத்தை நிறுத்த முடியாது.

மலைப் பாதையில் இரண்டு பாடமும் ஒன்றாக வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஆழியார் தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலோ ஏறும்போது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் கத்துகிறதே என்று மூன்றாவதுக்குப் போய்த் திணறவிட வேண்டாம், அந்தக் கத்தல் ஆரோக்கியமானது. இறங்கும்போது ஏறின அதே கியரில் இறங்குங்கள். த்ராட்டிலை மூடியிருக்கும்போது உள்ளே வெடிப்பின் சுமை இல்லை, அதனால் இன்ஜின் பிரேக்கிங் இன்ஜினைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்து இறங்கும் பழக்கம் பிரேக் ஷூவுக்கும் உயிருக்கும் கேடு.

காலையில் முதல் சில நிமிடங்கள்

தேய்மானம் அதிகம் நடப்பது குளிர்ந்த ஸ்டார்ட்டில். ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் வ்ரூம் வ்ரூம் என்று முறுக்க வேண்டாம். அரை நிமிடம் ஓடவிட்டுக் கிளம்புங்கள், முதல் இரண்டு கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் சரியாக எரியாத பெட்ரோல் ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும்.

புது வண்டிக்கு, அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பிஸ்டன் மாற்றிய வண்டிக்கு, முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு த்ராட்டிலும் கூடாது, திணறவிடுவதும் கூடாது. "40-ஐத் தாண்டாதே" என்ற அறிவுரையைக் கேட்டு டாப் கியரில் 40-லேயே ஆயிரம் கிலோமீட்டரையும் ஓட்டி முடிப்பவர்களை என்னவென்று சொல்வது!

ஆயிலும் ஏர் ஃபில்டரும்

ஆயில் கையேடு சொல்லும் தரத்தில் இருக்கட்டும், 10டபிள்யூ-30 என்றால் அதுவே. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறி, ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. வழுக்கலுக்காகக் கூடுதல் ரசாயனம் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். ஆயில் சூடேறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் பிக்கப் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே போகும் மண் தூள் ரிங்குக்கும் போருக்கும் நடுவே உப்புத்தாள் வேலை பார்க்கும். ஆயில் தடவின காகித ஃபில்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபோம் வகையைத்தான் கழுவலாம்.

ஹெட்டைத் திறக்க வேண்டிய நேரம்

ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை வந்து, பிறகு நின்றால் சந்தேகம் வால்வு சீல் (வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல். ஓட்டத்தில் முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை தள்ளினால் ரிங் அல்லது போர். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டும், அதற்கு ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை. கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் கால் இறங்கி, டேப்பட் அளவும் சரியாக இருந்தால், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. "முழு இன்ஜினும் பண்ணிடலாம்" என்று பேச்சு ஆரம்பிப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

டேப்பட் பார்க்கும்போது தாளில் எழுதச் சொன்னேனே, அந்த எண்ணைக் கிலோமீட்டரோடு சேர்த்து ஆர்சி புத்தகப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருகுவதற்கு முன் இருந்த அளவு, திருகிய பின் வைத்த அளவு, இரண்டும் வேண்டும். எக்ஸாஸ்ட் 0.10-ல் வைத்தது அடுத்த முறை 0.09 என்றால் கவலையில்லை, ஒன்றும் தொட வேண்டியதில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே என்றால் வால்வு நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் தளர்த்தி வைத்தும் அது 0.05, 0.04 என்று வேகமாக மூடிக்கொண்டே வந்தால், வால்வு சீட்டுக்குள் அமிழ்கிறது. அந்த நேரத்தில் ஹெட்டை இறக்கினால் லேப்பிங்கோடோ (வால்வையும் சீட்டையும் தேய்த்துப் படியவைப்பது) ஒரு புது வால்வோடோ வேலை முடிய வாய்ப்பு உண்டு.